பித்தளை வேண்டாம், ஹைலம் போதும்

(தண்டையார்பேட்டை, தெருக் குழு)

டெய்லர் அக்கா: எல்லாருக்கும் வணக்கம். கடையில் இருக்கிற டேபிள் ஃபேன் காற்று நன்றாகத் தருகிறது, தலை மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது. பிரித்துப் பார்த்தவர் உள்ளே பல்சக்கரம் போய்விட்டது, இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். இரும்புக் கூண்டு போட்ட பழைய ஃபேன். மோட்டார் அப்படியே இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஐ.சி.எஃப். மாமா: தூக்கிப்போடாதேம்மா. சக்கரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

டெய்லர் அக்கா: 📷

மாடிவீட்டுத் தம்பி: அக்கா, மூன்று பல் மொத்தமாகக் காணோம். நான் 3டி பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா? காலேஜ் லேபில் மெஷின் இருக்கிறது.

ஐ.சி.எஃப். மாமா: எந்த பிளாஸ்டிக்கில் தம்பி?

மாடிவீட்டுத் தம்பி: பி.எல்.ஏ. மாமா.

ஐ.சி.எஃப். மாமா: அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். கியர் பெட்டி மோட்டார் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க ஓடுகிற ஃபேன், தாங்காது. அளவு சரிபார்க்க மாதிரிக்கு ஒன்று எடு, அதற்கு நல்லது.

மாடிவீட்டுத் தம்பி: அப்போ பித்தளையில் கடைந்துவிடலாமே? இந்த ஜென்மத்துக்குத் தேயாது.

காசிமேடு அண்ணன்: தம்பி, அதைச் செய்யாதே. படகில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரில் புரொப்பல்லருக்கு ஒரு சின்ன பின் இருக்கும், வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில். வலையோ கட்டையோ சுற்றிக்கொண்டால் அந்தப் பின் முறிந்துவிடும், கியர் தப்பித்துவிடும். அவசரத்துக்கு இரும்பு ஆணியை வெட்டிச் செருகினவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை கட்டை மாட்டினால் போவது கியர் பாக்ஸ்.

ஐ.சி.எஃப். மாமா: அதேதான் இங்கேயும். மோட்டார் ஷாஃப்ட்டின் பின்முனையில் மரை மாதிரி வெட்டியிருக்கும், அதற்கு வார்ம் என்று பெயர். அது ஒரு சுற்று சுற்றினால் இந்தச் சக்கரம் ஒரு பல் நகரும். ஃபேன் தலை சுவரில் இடித்தாலோ, ஓடும்போது யாராவது கையால் பிடித்துத் திருப்பினாலோ, எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் சக்கரத்தை ஃபைபரில் வைத்தான். பித்தளை போட்டால் பல் உடையாது, வார்ம் கடிபடும். இல்லையென்றால் மோட்டார் நின்ற இடத்திலேயே முறுக்கி உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகும். ஃபியூஸ் கட்டையில் தடிக் கம்பி சுற்றுகிற வேலைதான் அது.

டெய்லர் அக்கா: அப்போ என்னதான் வழி மாமா?

ஐ.சி.எஃப். மாமா: லேத் பாய் எங்கே? பாய், கொஞ்சம் பாருங்கள்.

லேத் பாய்: இப்போதுதான் பார்த்தேன் மாமா. செய்யலாம். துணியைப் பிசினோடு அழுத்திச் செய்த ஹைலம் ராடில் வட்டம் கடைந்து பல் வெட்டினால் நன்றாக நிற்கும். நைலானும் கடையலாம், ஆனால் அது ஈரம் குடித்து ஊதும். நம் கடல் காற்றுக்கு அளவு விட்டு வெட்டவில்லை என்றால் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும்.

மாடிவீட்டுத் தம்பி: பல் சாய்ந்து இருக்கிறதே பாய், அதை எப்படி வெட்டுவீர்கள்?

லேத் பாய்: அதுதான் இதில் வேலை. அந்த வார்ம் அளவிலேயே சில்வர் ஸ்டீல் என்கிற கருவி எஃகு ராடில் ஒரு மரை போடுவேன். மரைக்குக் குறுக்கே நீளவாக்கில் அரத்தால் பள்ளம் எடுத்தால் ஒவ்வொரு விளிம்பும் கத்தியாகிவிடும், அதுதான் கட்டர். செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அதனால் மறுபடி வைக்கோல் நிறம் வரும் வரை இளஞ்சூடு. அதை லேத்தின் பிடியான சக்கில் மாட்டிச் சுற்றவிட்டு ஹைலம் வட்டத்தை மெதுவாக அழுத்திக் கொடுத்தால், வட்டம் தானாகச் சுழன்று பல் விழும். ஆனால் முதலில் பல் எண்ணிக்கைக்குத் தக்கபடி வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கிற டிவைடிங் ஹெட்டில் வைத்து மேலாகக் கீறிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சுற்றி வந்து முடிகிற இடத்தில் பாதிப் பல்லாக நிற்கும்.

ஐ.சி.எஃப். மாமா: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது பாய். இந்தக் கைவேலை நம் தெருவில் இருப்பது பெரிய விஷயம்.

மாடிவீட்டுத் தம்பி: மூன்று பல் இல்லையே, எத்தனை பல் என்று எப்படித் தெரியும்?

ஐ.சி.எஃப். மாமா: சக்கரத்தின் முகத்தில் ஸ்டாம்ப் பேட் மையைத் தடவி வெள்ளைத் தாளில் ஒற்று. அச்சில் பல்லுக்குப் பல் இடைவெளி தெரியும். காலி இடத்தில் அதே இடைவெளியைக் கவராயத்தால் வைத்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். உன் வேலை அது, நாளைக்குச் செய்து இங்கே போடு.

மூணாவது வீட்டு அம்மா: பாய், கையோடு எங்கள் குக்கர் சேஃப்டி வால்வும் ஒன்று கடைந்து தர முடியுமா? பழைய குக்கர், கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள்.

லேத் பாய்: அம்மா, மன்னிக்கணும். அதை மட்டும் எந்தப் பட்டறையிலும் கேட்காதீர்கள்.

ஐ.சி.எஃப். மாமா: அதில் இருக்கிற உலோகம் சூடு மீறினால் உருகி ஆவிக்கு வழி விடுவதற்காகவே கலந்து செய்தது. கடைந்து போட்டால் உருகாது, மூடிதான் பறக்கும். அந்த கம்பெனி வால்வு கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் குக்கரையே மாற்றிவிடுங்கள்.

மூணாவது வீட்டு அம்மா: ஐயோ, சரி சரி. நல்லவேளை கேட்டேன்.

ஐ.சி.எஃப். மாமா: டெய்லர் அம்மா, இன்னொன்று. சக்கரம் ஏன் உடைந்தது என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் உடையும். தலை திரும்புகிற கழுத்தைக் கையால் ஆட்டிப் பார். இறுகி இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் வை. ஆனால் ஷாஃப்ட்டைத் தாங்குகிற மோட்டார் புஷ்ஷில் மண்ணெண்ணெய் படக் கூடாது. அது நுண்ணிய துளைகளில் எண்ணெய் குடித்து வைத்திருக்கிற புஷ், கழுவினால் எண்ணெய் போய்விடும்.

டெய்லர் அக்கா: ஆட்டிப் பார்த்தேன் மாமா. ரொம்ப இறுக்கம்தான், ஒரு பக்கம் கரகரவென்றும் இருக்கிறது.

ஐ.சி.எஃப். மாமா: அங்கேதான் வினை. நாளைக்கு நான் வந்து கழுத்தைக் கழற்றித் தருகிறேன்.

டெய்லர் அக்கா: பாய், எவ்வளவு ஆகும்?

லேத் பாய்: ஹைலம் துண்டு பட்டறையில் கிடக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். கட்டர் செய்கிற கூலி மட்டும். அதை எடுத்து வைத்துக்கொள்கிறேன், இதே ஃபேன் வேறு யார் வீட்டில் இருந்தாலும் உதவும். சனிக்கிழமை மதியம் வாருங்கள். சக்கரம் மட்டும் போதாது, மோட்டாரையும் ஷாஃப்ட்டோடு கொண்டுவாருங்கள். வார்மைக் கையில் வைத்துப் பார்க்காமல் மரை போட முடியாது.

மாடிவீட்டுத் தம்பி: மோட்டாரை நான் தூக்கி வருகிறேன் அக்கா. பல் வெட்டுவதைப் பார்க்க வேண்டும்.