ஸ்டீராய்டால் எலும்பு தேய்மானம்: மாத்திரையா, ஊசியா?

அக்காவுக்கு குரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி). அதற்கான ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் அடிக்கடி எடுக்க வேண்டியிருந்ததில், இப்போது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் -2.7 என்று, அதாவது எலும்பு தேய்ந்துவிட்ட அளவில், வந்திருக்கிறது. கால்சியம், வைட்டமின் டி சாப்பிடுகிறார்தான், ஆனால் ஸ்டீராய்டே குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும், போதாததற்குச் சிறுகுடலில் புண் வேறு. எலும்பு மேலும் தேயாமலிருக்க டாக்டர் இரண்டு வழி சொல்கிறார்: வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை, இல்லையென்றால் வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு 30 நிமிடம் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். எழுந்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறவருக்கு அது சரிப்படுமா? எனக்கு ஊசிதான் மேல் என்று படுகிறது. குடல் நோயோடு இந்த ஊசி போட்டவர்கள் இருந்தால், முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் எப்படி இருந்தன, ஊசிக்கு முன் பல் டாக்டரிடம் பல்லைக் காட்டச் சொன்னார்களா, அப்புறம் ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு எலும்பு அடர்த்தி ஏறியதா, தயவுசெய்து சொல்லுங்கள்.