ஊட்டி, பெங்களூருக்குப் போற ஈழத்தலரி (ப்ளுமேரியா) போத்து, அதாவது நட வெட்டின கிளை, ஏன் நிக்க மாட்டேங்குது? பார்த்தவங்க எழுதுங்க

குடமுருட்டிக்கரை:
ஊட்டியில ஒரு வீட்டு வராந்தாவில பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகல. திருவையாற்றுப் பக்கத்துலேருந்து போன போத்து, ஒன்றரை அடி நீளம், நல்ல சாம்பல் நிறக் கட்டை. நுனியில நாலு இலை பச்சையா நிக்குது. மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை விட்டு அமுக்கினா தோல் தனியா வழுக்குது, பழுப்புத் தண்ணி கசியுது, புளிச்ச வாடை. மேல பச்சை, அடியில கூழ்.

இலை விட்டதை வச்சு வேர் பிடிச்சுதுன்னு எடுத்துக்கக் கூடாது. தண்டுக்குள்ள இருக்கிற சேமிப்பை வச்சே நாலஞ்சு இலை விட்டுடும், சில போத்து பூங்கொத்துகூட விடும். வேர் இறங்க மண்ணோட சூடு 25லேருந்து 30 டிகிரி வரைக்கும் வேணும். தை மாசம் உறைபனி விழுற ஊர்ல தொட்டி மண்ணு பகல்லயும் சில்லுன்னுதான் கிடக்கும். வேரே இல்லாத தண்டுக்கு வாரம் ரெண்டு தரம் தண்ணி வேற. அதோட இங்கேருந்து மூட்டை கட்டிக் கொண்டுபோன வயல் வண்டல். குளிர் மட்டும்னா செடி இலையைக் கொட்டிட்டு ஓரளவு தாங்கும். சில்லிட்ட மண்ணுல ஈரமும் நின்னா அடி அழுகாம என்ன செய்யும்?

வேர் நம்ம வெயில்லயே பிடிக்கட்டும், செடியா அங்கே போகட்டும். தை கடைசி, மாசியில இலை கொட்டி நிக்கும்போது வெட்டுங்க. பால் வடிஞ்சு நிக்கட்டும் (கண்ணுல, தோல்ல படாம பார்த்துக்கங்க, எரியும்). வெட்டு வாய் காய்ஞ்சு கெட்டியாக ரெண்டு வாரம் நிழல்ல சாய்ச்சு வைங்க. பங்குனியில கறுப்புப் பையில நாலு விரக்கடை ஆழத்துக்கு நட்டு, அசையாம குச்சி கட்டுங்க. நடும்போது ஒரு தண்ணி. உள்ளங்கை நீளத்துக்கு இலை வர்ற வரைக்கும் மேல் மண்ணு நல்லா காய்ஞ்சப்புறம் கொஞ்சமா விட்டாப் போதும். சித்திரை வெயில்ல கறுப்புப் பையைத் தளத்து மேலயே வச்சா வேர் வெந்துடும், காலை வெயில் மட்டும் படுற இடம் பாருங்க.

மன்னை மாடித்தோட்டம்:
அண்ணே, பெங்களூர்ல ஒரு மாடியில பார்த்தது வேற மாதிரி. வேர் நல்லா பிடிச்ச செடி. மார்கழி மூட்டத்துல நுனி மொட்டு மட்டும் கரிக்கட்டையா கறுத்துப் போயிருந்தது. கறுப்பு ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் தொடாம விட்டிருந்தார், தானா சரியாகும்னு.

சில சமயம் தானாகவே காய்ஞ்சு நின்னுடும், அது உண்மைதான். ஆனா தண்டு மெத்துன்னு இருந்தா கறுப்பு இறங்கிக்கிட்டேதான் இருக்குன்னு அர்த்தம். பிளேடை ஸ்பிரிட் வச்சுத் துடைச்சு, தண்டுக்குள்ள நடுத்தக்கை பழுப்புப் புள்ளி இல்லாத சுத்த வெள்ளையாத் தெரியற வரைக்கும் வெட்டணும். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைக்கணும். வெட்டு சாய்வா இருக்கட்டும், தண்ணி வழிஞ்சு போயிடும். அதுமேல காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற பூஞ்சைக்கொல்லியைக் குழைச்சுப் பூசலாம். வெட்டின இடத்துக்குக் கீழே ரெண்டு மூணு கிளை வெடிக்கும். ஆனா பூ அந்தப் புதுக் கிளை முத்தி நுனியிலதான் வரும், அதனால அந்த வருஷப் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

உரக்கடை, பாபநாசம்:
அழுகல் எல்லாருக்கும் தெரியும். உரத்தால கெட்டதை யாரும் எழுதல. குன்னூர்லேருந்து ஒருத்தர் கடைக்கு இலை கொண்டுவந்தார். இளம் இலை வெளுத்த மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடா நிக்குது. பூக்கணும்னு மாசா மாசம் ஒரு கைப்பிடி டிஏபி போட்டிருக்காங்க, குளிர் மாசத்துலயும் நிறுத்தல. மண்ணு நம்ம பக்கத்து வண்டல்.

டிஏபியில 18 சதம் தழைச்சத்து, 46 சதம் மணிச்சத்து. மணிச்சத்து அளவு மீறினா இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமப் போகும். நம்ம வயல்லயே நெல்லுக்குத் துத்தநாகப் பற்றாக்குறைன்னு ஜிங்க் சல்பேட் போடுறோமே, அந்த மண்ணைத் தொட்டியில அடைச்சு மேல மணிச்சத்தைக் கொட்டினா என்ன ஆகும்? அதோட, குளிர்ல வேர் வேலை செய்யாது. போட்ட உரம் உப்பாத் தங்கி வேர் நுனியைக் கருக்கும்.

இலையைப் பார்த்துப் பிரிச்சுக்கங்க. மேல இருக்கிற இளம் இலை வெளுத்து நரம்பு பச்சையா நின்னா இரும்பு. கீழ்ப் பக்கத்துப் பழைய இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளானா மெக்னீசியம். இரும்புக்குக் கடையில கேட்கும்போது ஈடிடிஹெச்ஏ வகை இரும்புன்னு கேளுங்க, சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணுல அதுதான் கரைஞ்சு நிக்கும். லிட்டருக்கு 1 கிராம், வேர்ப் பக்கம் ஊத்தணும். மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாசம் ஒரு தரம்.

குளிர் ஊருக்கு உரக் கணக்கு ராத்திரிச் சூட்டைப் பொறுத்தது. ராத்திரி 15 டிகிரிக்கு மேல நிலைச்சு, புது இலை உள்ளங்கை அளவு வந்தப்புறம் ஆரம்பிங்க. 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூணு சத்தும் சமமா உள்ள உரம்) லிட்டருக்கு 2 கிராம், பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம், முதல்ல பச்சைத் தண்ணி விட்டு மண்ணை நனைச்சுட்டு. குளிர் தொடங்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே நிறுத்திடணும். கடைசி நேரத்துல தழைச்சத்து கொடுத்தா நுனியில இளந்தண்டு வரும், மன்னைக்காரர் சொன்ன கறுப்பு முதல்ல அதைத்தான் பிடிக்கும்.

வேதாரண்யம் மணல்:
பாபநாசம் சார் சொல்றது வண்டலுக்குச் சரி. எல்லா மண்ணுக்கும் அப்படியே சொல்ல முடியாது. எங்க கடலோர மணல்ல மணிச்சத்தும் கம்மி, எந்தச் சத்தும் தங்கவும் தங்காது. மொட்டு வைக்காம நின்ன மரங்கள் 0:52:34 (தழைச்சத்து இல்லாம மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் உள்ள உரம்) லிட்டருக்கு 2 கிராம் வீதம் ரெண்டு மூணு தரம் கொடுத்தப்புறம் கொத்து விட்டதை இங்கே பலரும் பார்த்திருக்காங்க. மண்ணு எதுன்னு கேட்காம உரம் சொல்லக் கூடாது.

நான் எழுத வந்தது வேற. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் ஒரு கோயில் மதிலோரம் முறிஞ்சு கிடந்த ஈழத்தலரிக் கிளைகள். வெட்டவும் இல்ல, நடவும் இல்ல, மணல்ல அப்படியே படுத்துக் கிடந்தது. சுத்தி எல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடக்க, அந்தக் கிளை நுனியில மட்டும் வெள்ளைப் பூ. குடமுருட்டி அண்ணன் சொன்ன சேமிப்புக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். போத்தை ரெண்டு மாசம்கூட நடாம நிழல்ல வைக்கலாம். அவசரப்பட்டு ஈர மண்ணுல குத்துறதுதான் கேடு.

உரக்கடை, பாபநாசம்:
மணலுக்கு 0:52:34 வேண்டாம்னு நான் சொல்லல சார். ஆனா அதைக் கொடுத்தும் பூக்காத செடியில முக்கால்வாசி வெயில் பத்தாத செடி. ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத பால்கனியில எந்த எண்ணு போட்டாலும் இலைதான் வரும். முதல்ல வெயில், அப்புறம் உரம்.

கும்பகோணம், இப்போ லண்டன்:
இங்கே தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் ஈழத்தலரிச் செடி அதிகம் சாவது பனிக்காலத்தில், அதுவும் வீட்டுக்குள்ளே. ஒரு வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இலையோடு வைத்திருந்தார்கள். இலையைத் திருப்பினால் அடியில் மணல் தூவியதுபோல் சிவப்புச் சிலந்தி, நூலாம்படை. அறை 22 டிகிரி, வெளிச்சமோ மாலை நான்கு மணிக்கே இல்லை. சூடு விழிக்கச் சொல்கிறது, வெளிச்சம் உறங்கச் சொல்கிறது. செடி நடுவில் மாட்டிக்கொண்டு சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது.

உறங்க விடுவதே நல்லது. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும் செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகித் தானாக விழட்டும், விழாததைத் தண்டை ஒட்டிப் பிய்க்காமல் காம்பில் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள், மீதி தானே உதிரும். ஹீட்டர் இல்லாத அறையில் 10லிருந்து 13 டிகிரிக்குள் இருந்தால் இருட்டானாலும் பரவாயில்லை. தொட்டியைச் சில்லென்ற தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மாதம் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். தோல் சுருங்கி உள்ளே கெட்டியாக இருந்தால் தாகம்தான், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மெத்தென்று இருந்தால் அன்றைக்கே வெட்ட வேண்டும். ஏப்ரலில் நுனியில் பச்சை நகம் போலத் தெரிந்த பிறகுதான் தண்ணீர், ஜூன் தொடக்கத்தில்தான் வெளியே. முதல் வாரம் அரை நிழல், இல்லாவிட்டால் புது இலை வெந்து வெளுக்கும்.

இன்னொன்று, ஊரிலிருந்து போத்து கொண்டுவருகிறவர்கள் தாவர நலச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் பறிமுதல்தான்.

திருத்துறைப்பூண்டி:
குளிர் ஊர் எதுக்கு, நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை போதாதா? ஒரு பள்ளிக்கூட வாசல்ல வரிசையா வச்ச தொட்டிகள், அடைமழையில தட்டுல தண்ணி தளும்ப நின்னுது. மழை விட்டதும் வெயில் அடிச்சுது, ஒரே வாரத்துல வரிசையே சாய்ஞ்சுது. மழை பிடிச்சதும் தட்டை எடுத்துட்டு, தொட்டியைப் பக்கவாட்டுல படுக்கப் போடுங்க. மண்ணுல தண்ணி இறங்காது, காத்துலயும் விழாது. வாடைக்காற்று நின்னப்புறம் நிமிர்த்துங்க.

வல்லம் செம்மண்:
எல்லோரும் மண்ணைத் திட்டுகிறீர்கள், கலவையை யாரும் சொல்லவில்லை. வல்லத்தில் ஒரு நர்சரியில் வண்டலில் வைத்த செடியையும் செம்மண் சரளையில் வைத்த செடியையும் அருகருகே கவிழ்த்துக் காட்டினார்கள். வண்டலில் வேர் தொட்டி ஓரமாக மட்டும் ஓடியிருந்தது. நடுமண் ஈரக் கட்டி. சரளையில் வெள்ளை வேர் நடு வரைக்கும் பின்னியிருந்தது.

குளிர் ஊருக்குப் போகிற செடிக்கு இப்படிக் கலக்கலாம். பருமணல் இரண்டு பங்கு, சுண்டைக்காய் அளவு செங்கல் சில்லு ஒரு பங்கு, கருக்கின உமி ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. உமியை அரிசி ஆலையில் வாங்கும்போது பாருங்கள்: கறுப்பாக, உமி வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். வெந்து வெளுத்த சாம்பல் வேண்டாம், அது மண்ணைக் காரமாக்கும், நனைந்தால் இறுகும். தென்னைநார்க் கழிவைப் பட்டுக்கோட்டைப் பக்கம் தாராளமாகப் போடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது சரி, பனி ஊரில் வாரக்கணக்கில் காயாது. தொட்டி சிறியதாக இருக்கட்டும், ஒன்றரை அடிப் போத்துக்கு எட்டு அங்குலம் போதும். பெரிய தொட்டியில் வேர் தொடாத மண் ஈரமாகவே கிடக்கும். அடித்துளை விரல் நுழையும் அளவுக்கு, குறைந்தது நான்கு இருக்க வேண்டும்.

துரு நோயையும் சொல்லிவிடுகிறேன். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி, மேலே மஞ்சள் புள்ளி. தொட்டால் விரலில் ஒட்டும். மழைக்கால ஈரத்தில் வரும். உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே விட்டால் அடுத்த தளிருக்கும் ஏறும், பொறுக்கி எரித்துவிடுங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் அடியுங்கள். கடும் வெயில் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும், அப்போது புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 1 மில்லி. இலை மழுங்கிய நுனியோடு இருக்கும் வெள்ளைப்பூ வகையில் துரு குறைவு, கூர்நுனி இலையுள்ள சிவப்பு, மஞ்சள் வகைகளில் அதிகம். ஆனால் மழுங்கின இலை வகை குளிரிலும் இலையை முழுதாகக் கொட்டாது, அதனால் லண்டன் அம்மா சொன்னபடி இருட்டறையில் போட்டுவைக்கத் தோதுப்படாது. அதற்கு ஜன்னலோர வெளிச்சம் வேண்டும்.

மன்னை மாடித்தோட்டம்:
வல்லம் ஐயா, தொழுவுரம் வேர் இறங்காத போத்துக்கும் போடலாமா? வெட்டு வாயில பட்டா அழுகாதா?

வல்லம் செம்மண்:
நல்ல கேள்வி. வேர் இறங்கும்வரை தொழுவுரம் வேண்டாம், மணல், சில்லு, கருக்கின உமி மட்டும். நான் சொன்னது வேர் பிடித்து மாற்றி நடும் கலவை. மாற்றும்போது பழைய மண்ணை உதறாமல் கட்டியோடு இறக்குங்கள், இளம் வேர் பட்டென்று ஒடியும்.

குடமுருட்டிக்கரை:
ஊட்டி வீட்டுக்கு விஷயம் போயிடுச்சு. அழுகின அடியை வெள்ளைத் தக்கை தெரியற வரைக்கும் வெட்டிட்டாங்க, நுனிப் பக்கம் ஒரு முழத்துக்கும் குறைவாத்தான் மிஞ்சுது. இலையை எல்லாம் கிள்ளிட்டு, காகிதத்துல சுத்தி, பஸ்ல வர்றவங்ககிட்ட இங்கேயே அனுப்பச் சொல்லியிருக்கேன். வாய் காய்ஞ்சதும் பங்குனியில பையில வச்சுடலாம்.