சிறுவர்களுக்குக் கோ-கோ: ‘கோ’ கிடைக்கும் முன்பே எழுந்துவிடுகிறார்கள்

கேள்வி:
வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் 6 முதல் 9 வயது வரையுள்ள 18 பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் ஆடியிருக்கிறேனே தவிர, சிறுவர்களைப் பயிற்றுவித்த அனுபவம் எனக்கு இல்லை. துரத்தும் அணியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், தப்பி ஓடுபவர் பக்கத்தில் வந்ததுமே ‘கோ’ (துரத்துபவர் பின்னாலிருந்து தொட்டு ‘கோ’ என்று சொல்வது) கிடைக்காமலேயே எழுந்துவிடுகிறார்கள். எழுந்தவர்களும் பாதியில் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். தினமும் விதிகளை விளக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
ஐயா, விளக்குவதைச் சில நாட்களுக்கு நிறுத்திவிடுங்கள். எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசையில் அமர்வது, துரத்த எழுந்து ஒரு பக்கம் ஓடத் தொடங்கியவர் களத்தின் முனையிலுள்ள கம்பத்தை அடையாமல் திரும்பக் கூடாது, மற்றவர்கள் அமர்ந்திருக்கும் நடுப்பாதையைக் கடக்கக் கூடாது என்பதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மனத்தில் நிற்காது. முதல் வாரம் நால்வரை மட்டும் அமர்த்துங்கள். தப்பி ஓடுபவரே வேண்டாம். முதுகு காட்டி அமர்ந்திருப்பவரைத் தொட்டு ‘கோ’ கொடுத்து, அவர் எழுந்த இடத்தில் தான் அமர்வது மட்டுமே விளையாட்டு. நான் பயிற்றுவித்தபோது எல்லோரும் ஒரே கம்பத்தை நோக்கித்தான் செல்ல வேண்டும் என்று வைத்து, தரையில் கோலப்பொடியால் அம்புக்குறி இட்டேன். இரண்டாம் வாரம் அதை அழித்தபோது ஒரு சிறுமி மட்டும் நின்று தரையைத் தேடினாள், மற்றவர்கள் சரியாகவே ஓடினார்கள். ஓடுபவரை அதன் பிறகே களத்தில் இறக்கினேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியான முறை. ஆனால் குத்தவைத்து நெடுநேரம் அமர்ந்தால் பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போகும்; எழுந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்களின் ஆட்டத்துக்குரிய 9 நிமிடத்தை இவர்களுக்கு வைக்காமல், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ‘கோ’ கொடுக்கும்போது தள்ளவும் விடாதீர்கள். தள்ளினால் உள்ளங்கை சிராய்த்துவிடும், அந்தப் பிள்ளை மறுநாள் வராது. கம்பங்களில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். கத்திரி வெயிலில் காலை 6 மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் முடித்து, உப்பிட்ட மோர் கொடுத்து அனுப்புங்கள். 2025 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வென்றன. அந்த ஆட்டங்களின் காணொளியைக் காட்டி, அமர்ந்திருப்பவர்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கால் மரத்துப்போவதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. நாளை நால்வரோடு தொடங்குகிறேன். கோலப்பொடி வீட்டிலேயே இருக்கிறது.