ரூம் வாடகை வித்தியாசம் 12,000 ரூபாய்தான், பில்லில் 86,250 போயிடுச்சு. இது சரியா?

தாழ்வாரம்:
அப்பாவுக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டார். பிரச்சினை பில்லில்.

5 லட்சம் ரூபாய் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி, ஏழு வருஷமா விடாம கட்டுறோம். ஒரு நாள் ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில 1 சதவீதம், அதாவது 5,000 வரைக்கும்தான்னு தெரியும். சேர்த்த அன்னைக்கு அந்த வாடகையில ரூம் காலியில்லைன்னு 8,000 ரூபாய் ரூம் கொடுத்தாங்க. நாலு நாள். 12,000 கையிலிருந்து போகும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு மொத்த பில் 2,20,000. கம்பெனி அப்ரூவ் பண்ணது 1,33,750. மீதி 86,250 கார்டைத் தேய்ச்சுக் கட்டினேன். ஏன் இவ்வளவுன்னு கேட்டா, "ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன் சார்", அவ்வளவுதான் பதில். 12,000 எப்படி 86,000 ஆகும்? யாராவது புரியற மாதிரி சொல்லுங்க.

பின்பெஞ்சு:
எனக்கும் போன வருஷம் இதே கதைதான் நண்பா. டிஸ்சார்ஜ்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கள்ல? அப்போ முடிஞ்சது. அடுத்த தடவை ரூம் லிமிட் இல்லாத பாலிசியா பாருங்க.

கவுன்ட்டர் அக்கா:
கையெழுத்துப் போட்டதால எதுவும் முடிஞ்சு போகாது தம்பி. வீட்டுக்குப் போகணுங்கற அவசரத்துல போட்ட கையெழுத்து அது. அதுக்கப்புறமும் தாராளமா புகார் பண்ணலாம்.

ஒரு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர்ல ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே கிடையாது. விஷயம் இதுதான்: நிறைய ஆஸ்பத்திரியில ரூம்னா கட்டிலும் ஏசியும் மட்டும் இல்லை. எந்த ரூம்ல படுக்கறீங்களோ அதை வச்சுத்தான் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், நர்ஸிங் எல்லாமே ஏறும். அதனால கம்பெனி சொல்றது, "உங்க தகுதி 5,000 ரூம், எடுத்தது 8,000 ரூம். 8-ல 5 பங்கு, 62.5 சதவீதம்தான் தருவோம்." வாடகைக்கு மட்டுமில்லை, அதோடு சேர்ந்த மத்த செலவுக்கும்.

ஆனா எதுக்கெல்லாம் அந்த விகிதம் போடலாம்னு ஒரு எல்லை இருக்கு. பில்லை வகைவகையாப் பிரிச்சுப் போடுங்க, பார்க்கலாம். பேர், பாலிசி நம்பர் எதுவும் வேண்டாம்.

தாழ்வாரம்:
ரொம்ப நன்றி அக்கா. ரூம் 32,000. சர்ஜன், அனஸ்தீசியா, ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்), நர்ஸிங், டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 1,12,000. மருந்து, ஊசி, கன்ஸ்யூமபிள்ஸ் (ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற சாமான்) 46,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 24,000. அட்மிஷன் சார்ஜ், கிளவுஸ் அது இதுன்னு "நான் பேயபிள்", அதாவது பாலிசியில கிடைக்காதது, 6,000.

கவுன்ட்டர் அக்கா:
நினைச்சேன். அந்த 6,000-ஐத் தள்ளிட்டு மிச்சம் 2,14,000 முழுசுக்கும் கண்ணை மூடிக்கிட்டு 62.5 சதவீதம் போட்டிருக்காங்க. போட்டுப் பாருங்க, சரியா 1,33,750 வரும்.

இப்படிப் போடக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே தெளிவாச் சொல்லியிருக்கு: மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடம்புக்குள்ள வைக்கிற இம்ப்ளான்ட், மருத்துவக் கருவி, பரிசோதனைச் செலவு, இதுல எதுலயும் இந்த விகிதத்தைப் போட்டுக் குறைக்கக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்துலயும் கூடாது. பாராசிட்டமால் எந்த ரூம்ல முழுங்கினாலும் பாராசிட்டமால்தானே!

உங்க கணக்குல மருந்து 46,000 + டெஸ்ட் 24,000 = 70,000. இதுல 37.5 சதவீதம் தப்பாப் பிடிச்சிருக்காங்க. 26,250 ரூபாய் திரும்பி வரணும்.

இன்னொன்னும் இருக்கு, இதை யாரும் கேட்கறதில்லை. ரூமுக்கு ரூம் ரேட் மாறாத ஆஸ்பத்திரியா இருந்தா இந்தப் பிடித்தமே செல்லாது. மாறுற ஆஸ்பத்திரியிலயும், எந்த ஐட்டம் மாறலையோ அதுல கை வைக்கக் கூடாது. அதனால ஆஸ்பத்திரி பில்லிங்ல ரெண்டு ரூமுக்கும் உண்டான டாரிஃபை (கட்டணப் பட்டியலை) லெட்டர்ஹெட்ல வாங்குங்க. வாயால சொன்னா போதாது.

பின்பெஞ்சு:
அடடா. ஒரு வருஷம் சும்மா இருந்துட்டேனே. என் பில் எங்க கிடக்குதோ!

முன்னாள் குமாஸ்தா:
கவுன்ட்டர் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் வழிமுறையை மட்டும் சொல்கிறேன். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். கம்பெனிக்காக க்ளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்காதீர்கள், முடிவுக்குப் பொறுப்பு கம்பெனிதான். மெயிலில் உணர்ச்சி வேண்டாம். "ஒவ்வொரு பிடித்தமும் பாலிசியின் எந்த ஷரத்துப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். பகுதியாகக் குறைத்தாலும் ஷரத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள். இணையம் ஒத்துவராதவர்கள் 155255-ல் கூப்பிடலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரி. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 50 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பின்பெஞ்சு, இது உங்களுக்கும்தான். தேதியைப் பாருங்கள்.

தாழ்வாரம், டிஸ்சார்ஜ் அன்று எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள்?

தாழ்வாரம்:
காலையில 9 மணிக்கு ஆஸ்பத்திரி பேப்பர் அனுப்பிட்டாங்க. அப்ரூவல் வந்தது சாயங்காலம் 5 மணிக்கு மேல. அதுக்குள்ள மதியம் தாண்டிடுச்சுன்னு ஒரு நாள் ரூம் சேர்த்துப் போட்டாங்க. அதுதான் நாலாவது நாள்.

முன்னாள் குமாஸ்தா:
பாருங்கள், கேட்டது நல்லதாயிற்று. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாத மாஸ்டர் சர்க்குலர்படி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும். அது தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அந்தச் சுமை கம்பெனியுடையது. அந்த ஒரு நாளுக்கு உங்கள் கையிலிருந்து போன 3,000-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். மெயில் போன நேரம் ஆஸ்பத்திரியிடம் இருக்கும், அதன் நகல் முக்கியம்.

தாழ்வாரம்:
பத்து நாள் கழிச்சு வர்றேன். டாரிஃப் லெட்டர் வாங்கறதுக்குள்ள மூணு தடவை அலைஞ்சேன். முதல்ல "அப்படியெல்லாம் தர்றதில்லை"ன்னாங்க. எழுதிக் கொடுத்த மனுவுல சீல் போட்டுத் தாங்கன்னு நின்னதும் கொடுத்துட்டாங்க. அக்கா, அதுல ஒரு அதிசயம்: சர்ஜன் ஃபீஸும் நர்ஸிங்கும் ரூமைப் பொறுத்து மாறுது, ஆனா ஓ.டி. சார்ஜ் 40,000 எல்லா ரூமுக்கும் ஒண்ணுதான்!

கவுன்ட்டர் அக்கா:
அப்போ அந்த 40,000-லயும் பிடிச்சிருக்கக் கூடாது. இன்னும் 15,000. மொத்தம் 41,250, சார் சொன்ன 3,000 தனி. சர்ஜன் ஃபீஸ், நர்ஸிங்ல பிடிச்சதை மட்டும் விட்டுடுங்க, அது பாலிசிப்படி சரிதான். நியாயமில்லாததையும் சேர்த்துக் கேட்டா நியாயமானதும் அடிபடும்.

தாழ்வாரம்:
இன்னைக்கு நிலவரம். மெயில் போட்ட பதிமூணாவது நாள் 26,250 அக்கவுன்ட்ல வந்துடுச்சு. கூடவே "மறுபரிசீலனையில் கண்டறியப்பட்டது"ன்னு ஒரு வரி லெட்டர். ஓ.டி. 15,000 பத்தி மூச்சே விடலை, 3,000-ஐ மறுத்துட்டாங்க. ரெண்டுக்கும் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போட உட்கார்ந்திருக்கேன்.

முன்னாள் குமாஸ்தா:
போடுங்கள். டாரிஃப் கடிதத்தின் நகலை மட்டும் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

பின்பெஞ்சு:
என் பில் கிடைச்சிடுச்சு. கம்பெனி லெட்டர் தேதிப்படி இன்னும் 19 நாள் இருக்கு. அக்கா, தனி இழை போடவா, இங்கேயே கேட்கவா?