புதுப்பிப்பு: முட்டை மறுபடி வருகிறது

கடைத் தீவனத்தை நிறுத்தியதும் என் ஆறு கோழிகளும் முட்டையிடவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, இப்போது நாளுக்கு நான்கு கிடைக்கிறது. அப்போது இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தையில் சும்மா கிடைத்த தேங்காய்ச் சக்கையையும் பழைய சோற்றையும் மட்டுமே போட்டுவந்தேன், முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் சுமார் 16 சதவீதம் புரதம் வேண்டும், சோற்றில் அது ரொம்பக் குறைவு. இப்போது பாதி கடைத் தீவனம், அப்புறம் வாளியில் வளர்க்கும் அசோலா என்ற நீரில் மிதக்கும் சிறு செடி, முருங்கைக்கீரை, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரத்தில் கிடைக்கும் கரையான்.

சக்கையை அன்றன்றைக்கே போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். வேலியோரத்துப் பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) இலையைக் கொஞ்சமாகத்தான் கிள்ளிப் போடுகிறேன், அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓடுகளை வறுத்து நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன்.