வாசல் விளக்கு எரிந்தால் வரலாம்: ஹாலோவீன் இரவில் நாங்கள் கண்டவை

எடிசன், நியூ ஜெர்சி

இந்த நாட்டுக்குக் குடிவந்த முதல் ஆண்டு, அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் வழக்கம்போல் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, நானும் என் மனைவியும் சமையலறையில் இருந்தோம். மாறுவேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் இரவு அது என்பதும், அன்று அந்த விளக்குக்குத் தனிப்பொருள் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியாது. அழைப்புமணி கேட்டுக் கதவைத் திறந்தால், ஓர் எலும்புக்கூடும் ஒரு தேனீயும் தீயணைப்பு வீரரின் தொப்பியணிந்த மூன்று வயதுக் குழந்தையும் தலையணை உறைகளை விரித்துப் பிடித்தபடி, ‘டிரிக் ஆர் டிரீட்’ (மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?) என்று ஒரே குரலில் கூவினார்கள். வீட்டில் ஒரு மிட்டாய்கூட இல்லை. என் மனைவி உள்ளே ஓடி, தேநீருக்காக வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். குழந்தைகள் நன்றி சொல்லிப் போனார்கள். நடைபாதையில் நின்றிருந்த அவர்களுடைய தாயின் முகத்தில் மட்டும் ஒரு தயக்கம் தெரிந்தது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு மூதாட்டி, தம்மிடமிருந்த சாக்லேட்டுகளில் பாதியை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, இரண்டு செய்திகளைச் சொன்னார். விளக்கு எரிந்தால் குழந்தைகள் வரலாம் என்று பொருள். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம், அதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். உறை பிரித்ததையும் வீட்டில் செய்ததையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது நேரே குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். இதற்குக் காரணம், மிட்டாயில் யாரோ நஞ்சையோ சவரத் தகட்டையோ மறைத்து வைப்பார்கள் என்று பல தலைமுறையாக நிலவிவரும் அச்சம். சமூகவியல் அறிஞர் ஜோயல் பெஸ்ட் இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகள் தொகுத்து ஆராய்ந்து, முன்பின் அறியாத ஒருவர் இப்படிக் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்வு எதையும் தாம் காணவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் பிள்ளைகள் வீடு திரும்பியதும் பைகளைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் நின்றபாடில்லை. அந்தச் சோதனையின்போது நான் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு எங்கள் வீட்டில் ‘அப்பா வரி’ என்று பெயர்.

2024ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, அதிகாலையில் பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். மாலையில் அதே பிள்ளைகள் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு நின்றதைக் கண்டு, பண்டிகை நாளும் அதுவுமாக இது என்ன கோலம் என்று கேட்டார். கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காயைப் பார்த்தபோது மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. ‘திருஷ்டிப் பூசணிதானே, மேலே கட்டாமல் ஏன் படியில் வைத்திருக்கிறாய்?’ என்றார். அவர் சுட்ட அதிரசங்களை வருகிற குழந்தைகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார். ஒரு வழியாகச் சமாதானம் செய்து, ஒரு தட்டு நிறைய எதிர்வீட்டு மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்தேன். அன்று படிகளில் அகல் விளக்குகள் வரிசையாக எரிந்ததாலோ என்னவோ, முந்தைய ஆண்டுகளைவிட அதிகமான பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

உங்கள் ஊரில் இந்த இரவு எப்படிக் கழிகிறது என்பதை எழுதுங்கள்.

டப்ளின், அயர்லாந்து

எடிசன் நண்பர் சொல்லும் பூசணி, இங்கே அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த விருந்தாளி. அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்குச் செய்தார்கள்; பஞ்சத்துக்குத் தப்பி 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து போனவர்கள் அங்கே பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்த பூசணியைக் கைக்கொண்டார்கள். மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் அத்தகைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பைப் பார்த்தேன். சுருங்கிய முகமும் பற்களுமாக இருந்த அதற்கு முன்னால், எங்கள் தெருப் பூசணிகள் எல்லாம் புன்னகை செய்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

இங்கே கொண்டாட்டத்தின் நடுவிடம் சாப்பாட்டு மேசைதான். என் அலுவலகத் தோழியின் தாயார் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் குடும்பத்தை அழைத்து, உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் மசித்துச் செய்யும் கோல்கானனும், உலர்திராட்சை போட்ட பார்ம்பிராக் என்னும் ரொட்டியும் பரிமாறுவார். அந்த ரொட்டிக்குள் மோதிரம், நாணயம், துணித்துண்டு போன்றவற்றை ஒளித்து வைத்துச் சுடுவது பழைய வழக்கம். மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம், நாணயம் என்றால் செல்வம், துணி என்றால் வறுமை. கடையில் வாங்கும் ரொட்டியில் இப்போது மோதிரம் மட்டுமே இருக்கிறது. அது என் ஏழு வயது மகளின் துண்டில் அகப்பட்டபோது மேசையே கைதட்டியது. அவளோ, தனக்குத் திருமணம் வேண்டாம், மோதிரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கே ஓடு உடைக்காத நிலக்கடலையும் கொடுப்பது உண்டு. சாக்லேட்டை எதிர்பார்த்து வரும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

டெ மோய்ன், அயோவா

எங்கள் ஊரில் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. பிள்ளைகள் வீடு வீடாகப் போனது பல ஆண்டுகளாக 31ஆம் நாளில் அல்ல, 30ஆம் நாள் மாலையில். அதற்கு ‘பெக்கர்ஸ் நைட்’ (யாசிப்போர் இரவு) என்று பெயர். 1938ஆம் ஆண்டு வாக்கில் ஹாலோவீன் இரவில் இளைஞர்களின் சேட்டை அளவுமீறிப் போனதால், நகர நிர்வாகம் அவர்களுடைய ஆற்றலை வேறு வழியில் திருப்பிவிடச் செய்த ஏற்பாடு அது. இரண்டாவது வேறுபாடு, மிட்டாய் சும்மா கிடைக்காது என்பது. குழந்தை ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்ல வேண்டும்; சொன்ன பிறகுதான் கிண்ணம் நீட்டப்படும்.

வாசலில் நின்று மிட்டாய் கொடுப்பவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன். எலும்புக்கூடு ஏன் நடன விருந்துக்குப் போகவில்லை என்னும் அதே சிலேடையை (விடை ‘நோ பாடி’: உடன் போக யாருமில்லை, உடலும் இல்லை) ஒரே மாலையில் எத்தனை முறை கேட்டாலும், முதன்முறை கேட்பதுபோலவே சிரிக்கிறார்கள். எங்கள் மகனுக்கு அப்போது ஆறு வயது. ஆங்கிலத் துணுக்கு எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அவனுடைய பாட்டி தொலைபேசியில் கற்றுக்கொடுத்த விடுகதையை ஆங்கிலத்தில் சொன்னான்: அடிக்கவும் மாட்டான், திட்டவும் மாட்டான், ஆனால் அழவைப்பான், அவன் யார்? வெங்காயம் என்ற விடையைக் கேட்டதும் அந்த வீட்டுப் பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, உள்ளே இருந்த தம் மனைவியை அழைத்து, அவனை மறுபடியும் சொல்லச் சொன்னார். மறு ஆண்டு அவன் அங்கே போனபோது, ‘வெங்காயம் வந்துவிட்டான்’ என்று வரவேற்றார்களாம்.

டொராண்டோ, கனடா

எங்களுடைய அனுபவத்தின் பெரும்பகுதி குளிர்தான். பனிக்கால மேலங்கி உள்ளே இருக்க, அதன்மேல் மாறுவேட உடை ஏறவேண்டும் என்பதால், எங்கள் வீட்டுச் சிலந்தி மனிதன் எப்போதும் சற்றுப் பருத்தவனாகவே இருப்பான்.

எனக்குப் பிடித்தது மறுநாள்தான். சொராரன் பூங்காவில் நவம்பர் 1 மாலையில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தாங்கள் செதுக்கிய பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, கடைசி முறையாக விளக்கேற்றுகிறார்கள். பிறகு நகராட்சி அவற்றை உரமாக்க எடுத்துச் செல்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய நினைவு அங்கே நிற்கும்போதெல்லாம் வரும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை இங்கு வந்த பிறகுதான் அறிந்தேன். ஹாலோவீன் என்ற பெயரே, அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதன் சுருக்கமாம்.

ஆன் ஆர்பர், மிச்சிகன்

டப்ளின் நண்பர் நிலக்கடலை என்று எழுதியதைப் படித்ததும் என் நெஞ்சு ஒருமுறை பதறிவிட்டது. என் மகனுக்குக் கடலை ஒவ்வாமை உண்டு. இந்த ஊர்ச் சாக்லேட்டுகளில் பிள்ளைகள் அதிகம் விரும்புபவற்றில் கடலை இருக்கிறது. ஆகையால் அவன் மாறுவேடமிட்டு ஊரெல்லாம் சுற்றி, பை நிறையச் சேர்த்துக்கொண்டு வந்து, பெரும்பகுதியை அக்காவிடம் கொடுத்துவிடுவான். அழமாட்டான், அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

2014 முதல் அமெரிக்காவில், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக ஓர் ஏற்பாடு பரவிவருகிறது. தின்பண்டம் அல்லாத பொருளும் தங்களிடம் உண்டு என்பதைக் காட்ட, வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி ஒன்றை வைப்பார்கள். எங்கள் பகுதியில் ஒரே ஒரு வீட்டில் அது இருந்தது. அந்த வீட்டு அம்மா இருட்டில் ஒளிரும் வளையல் ஒன்றை அவனிடம் கொடுத்தார். அன்று இரவு அவன் அந்த வீட்டுக்கு மட்டும் மூன்று முறை போனான். மூன்றாம் முறை, அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று அக்காவின் சூனியக்காரித் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். முதலில் வாங்கிய இரண்டு வளையல்களும் அவன் கையில் ஒளிர்ந்துகொண்டேயிருந்தன.