மாருதி 800 முன் சஸ்பென்ஷன்: புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா?

கேள்வி (ஈரோட்டுக்காரன்):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கிய 1998 மாடல் மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்புறம் இடது பக்கத்தில் "டொக்" என்ற ஓசை எழுகிறது. பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. அந்தச் சக்கரத்தின் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர் லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) ரப்பர் புஷ் (நடுவில் இரும்புக் குழாயும் வெளியே இரும்புக் கூடும் கொண்ட ரப்பர் உருளை) போய்விட்டது என்றும், ஆர்மையே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். புஷ்ஷை மட்டும் வாங்கி நானே மாற்ற இயலுமா? ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் போடுவது நல்லதா?

மறுமொழி 1 (பழையவண்டிப்பிரியன்):
கழற்றுவதற்கு முன் பழுது எங்கே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை வைத்துப் பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள குமிழ் மூட்டு) அசைகிறதா அல்லது சக்கர பேரிங் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைச் சந்தேகிக்கலாம். பிறகு ஆர்முக்கும் சேஸிஸுக்கும் இடையே லிவர் கம்பியைக் கொடுத்து நெம்பினால், கெட்டுப்போன புஷ்ஷில் ரப்பர் நடுக்குழாயை விட்டு விலகி வாய் பிளப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் கம்பியின் முனை ஆர்முக்குள் நுழைந்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அந்தக் கம்பிதான். ஆகவே அங்குள்ள ரப்பர் நைந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கச் சக்கரம் சற்றே பின்னுக்குப் போகும்; நீங்கள் சொல்லும் இழுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆர்மின் உட்புற முனையிலுள்ள புஷ்ஷை மாற்றிவிட்டு இதை விட்டுவைத்தால் பாதி வேலைதான் முடியும். பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) சிக்கிக்கொண்டிருந்தாலும் இதே போல் இழுக்கும் என்பதால், சற்று ஓட்டியபின் இரு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2 (லேத்பட்டறை):
கைக்கருவிகளும் ஒரு நல்ல வைஸும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். முந்தைய நாளே எல்லா நட்டுகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரத் தூக்கிச் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி நிற்கும், கழற்றும்போது துள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

பால் ஜாயின்ட்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அது தண்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் முழுவதுமாக உருவியெடுத்தால்தான் ஆர்ம் கீழே இறங்கும். அதன்பின் நக்கிள் தொங்கிக்கொண்டிருக்கும். அதை வெளியே இழுத்துவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள் ஜாயின்ட் கழன்றுவிடக்கூடும் என்பதால், கயிற்றால் ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

பழைய புஷ்ஷைக் கழற்றுமுன் அது ஆர்மில் எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரப்பரை கேஸ் வைத்து எரித்தெடுக்கும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் புகை கெடுதல் என்பது ஒருபுறமிருக்க, சூடு பால் ஜாயின்ட்டின் கிரீஸையும் ரப்பர் உறையையும் கெடுத்துவிடும். டிரில்லால் ரப்பரைச் சுற்றிலும் துளைத்து நடுக்குழாயைத் தட்டி எடுத்தபின், ஹாக்சா பிளேடை உள்ளே நுழைத்து வெளிக்கூட்டை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். ஆர்மின் இரும்பைத் தொடுவதற்குச் சற்று முன்னரே நிறுத்திவிட்டு, அந்த வெட்டில் சிறிய உளியை வைத்துத் தட்டினால் கூடு உள்நோக்கி மடங்கும். அதன்பின் கையால் தள்ளினாலே வந்துவிடும்.

புது புஷ்ஷை இறக்கும்போது அதன் வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும்படி பொருத்தமான சாக்கெட்டை வைத்து வைஸில் அழுத்துங்கள். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

மறுமொழி 3 (கோவைவாசி):
மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கியமானதே இதுதான். ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. நடுக்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்க, ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றிருக்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரமே கிழிந்துபோகும். "புது புஷ் போட்டும் நிலைக்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகையால் போல்ட்டுகளை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கிச் சிறிது தூரம் முன்னும் பின்னும் தள்ளி, முழு எடையும் சக்கரங்களில் நிற்கும்போது கையேட்டிலுள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின் புதியதாக இருக்கட்டும்.

பாலியூரித்தேன் தினசரி ஓட்டத்துக்குத் தேவையில்லை. அது நீடித்து உழைக்கும் என்பது மெய்தான். ஆனால் சாலையின் அதிர்வையெல்லாம் நேரே கேபினுக்குள் அனுப்பும், சிலிகோன் கிரீஸ் காய்ந்துவிட்டால் கிறீச்சிடவும் செய்யும்.

ஈரோட்டுக்காரன்:
மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி சோதித்ததில் இடப்பக்கப் பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் தெரிகிறது. வலப்பக்கத்தில் ரப்பர் மட்டுமே வெடித்திருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

மறுமொழி 4 (பழையவண்டிப்பிரியன்):
அப்படியானால் இடப்பக்கத்தைப் பொறுத்தவரை ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரி. இந்த வண்டியில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருவதால், அங்கே புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண் உழைப்பு. வலப்பக்கத்துக்கு புஷ் மட்டும் போதும்; ஸ்டெபிலைசர் ரப்பர்களை இருபுறமும் மாற்றிவிடுங்கள். உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் இதற்கான பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. உள்ளூரில் அமையாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரிக்கலாம், ஆனால் விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஆர்மை வாங்கிவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். இந்த மாடலில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே சரிசெய்யக்கூடியது. கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அளவு விலகியிருப்பதாகக் காட்டினால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

புது ஆர்ம் வந்து சேரும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். புஷ் மட்டும் கெட்டிருந்தால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். பால் ஜாயின்ட் கழன்றுவிட்டாலோ சக்கரமே மடங்கிவிடும்.